பெஜோவுக்கு ஊற்றிய எண்ணெய்

பாகூர் வட்டாரத்தில் கல்யாணம் என்றால், நாள் குறிப்பதற்கு முன்னால் ஹபீப் பாயின் கார் அன்றைக்குக் கிடைக்குமா என்று கேட்டுக்கொண்டு வர வேண்டும். 1967இல் நிலைமை அதுதான். கறுப்பு நிறப் பெஜோ 203. பஞ்சாலையில் எஞ்சினியராக இருந்த ஒரு வெள்ளைக்காரன் கப்பலேறும்போது விட்டுப் போனது. பாகூர் கடைத்தெருவில் மளிகைக் கடை வைத்திருந்த ஹபீப் முகமது அதை வாங்கிப் போட்டார். மனுஷர் அதில் ஏறிப் போனதைவிட இறங்கி நின்று துடைத்ததுதான் அதிகம். ஓட்டுவதற்கு அவர் நம்பிய ஒரே ஆள் செலியமேட்டுப் பிலவேந்திரன். பதினோரு வருஷமாக அந்த ஸ்டியரிங்கை வேறொரு கை தொட்டதில்லை.

பிலவேந்திரனின் பெண்டாட்டி அன்னாளுக்கு அந்தக் காரைக் கண்டாலே ஆகாது. வீட்டில் தாளிக்க எண்ணெய் இல்லாத நாளில்கூட காருக்கு முதல் தரமான விளக்கெண்ணெய் வந்து இறங்கிவிடும். எந்தப் பெண்ணுக்குத்தான் பொறுக்கும்?

காருக்கு விளக்கெண்ணெயா என்று சிரிக்க வேண்டாம். பிரான்சிலிருந்து சாமான் வருவது நின்று வருஷக்கணக்காகியிருந்தது. அந்தக் காரில் பிரேக்கை மிதித்தால், குழாய் வழியே எண்ணெய் ஓடிப்போய்ச் சக்கரத்தைப் பிடிக்க வைக்கும். எண்ணெயை ஒழுகவிடாமல் காப்பது சின்னச் சின்ன ரப்பர்கள். ஒருமுறை கடையில் விற்கிற பிரேக் ஆயிலை ஊற்றப் போக, இரண்டே மாதத்தில் ரப்பரெல்லாம் களியாகிவிட்டது. அன்றிலிருந்து மெக்கானிக் இருசப்பன் தன் கைப்பக்குவத்தில் இறங்கிவிட்டார். பாதி சுத்தமான விளக்கெண்ணெய், பாதி வார்னிஷ் அடிப்பவர்கள் வாங்குகிற ஸ்பிரிட். விளக்கெண்ணெய் ஒன்றுதான் ஸ்பிரிட்டோடு ஒட்டும், அது ஒன்றுதான் ரப்பரைத் தின்னாது என்று அவர் அடித்துச் சொல்வார். கடைசியாகக் கிடைத்த ரப்பர்கள், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று, பிரான்சிலிருந்து லீவில் வந்த ஒரு சொல்தா பென்ஷன்காரர் துணிமணியோடு துணிமணியாகப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தவை. கைபிரேக்கின் கம்பி அறுந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. அதற்கு அந்தப் பாக்கியமும் வாய்க்கவில்லை.

இதற்கான விளக்கெண்ணெய் ஒரு புட்டியிலும், கலந்து மிஞ்சியது இன்னொரு புட்டியிலுமாகப் பிலவேந்திரன் வீட்டு மாடத்தில் இருக்கும், இரண்டும் பிராந்திப் புட்டி. புதுச்சேரியில் சும்மா கிடைக்கிற புட்டி அதுதானே. ஆனால் அந்த வீட்டில் பிராந்திப் புட்டி இருப்பது கொஞ்சம் சங்கடமான விஷயம். பிலவேந்திரன் ஒரு காலத்தில் நன்றாகக் குடித்தவன். நான்கு வருஷத்துக்கு முன்னால் மகள் அந்தோணி மேரி விஷக்காய்ச்சலில் கண் திறக்காமல் கிடந்தபோது, வில்லியனூர் மாதா கோயில் குளத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்று, இனித் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்தான். பிள்ளை பிழைத்தாள். அவனும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். ஊர்தான் நம்பவில்லை. ஊருக்கு இதிலெல்லாம் லேசில் நம்பிக்கை வராது. அதனாலேயே ஸ்பிரிட் வாங்கக்கூட அவன் கடைக்குப் போகமாட்டான், இருசப்பனைத்தான் அனுப்புவான்.

விளக்கெண்ணெய்ப் புட்டியைப் பற்றி அவன் அன்னாளிடம் சொன்னது ஒரே ஒரு பேச்சு.

"இத நீ தொட்ட, கைய ஒடிச்சுடுவேன்."

அன்னாள் தொட்டாள். முதலில் மேரிக்கு வயிறு இளக ஒரு கரண்டி. அப்புறம் தன் பித்தவெடிப்புக்கு. அப்புறம் மாதா படத்துக்கு முன்னால் எரிகிற விளக்குக்கு, அதிலென்ன பாவம் என்று. எடுத்த அளவுக்குச் சமையல்கட்டிலிருந்து கடலெண்ணெயை ஊற்றி அளவைச் சரிக்கட்டி வைத்துவிடுவாள். இரண்டும் எண்ணெய்தானே, கார் என்ன நாக்கு வைத்துப் பார்க்கப் போகிறதா என்பது அவள் எண்ணம். நாலு மாதம் இப்படியே ஓடியது. புட்டியில் பாதிக்குமேல் கடலெண்ணெய் ஏறிப்போனது அவளுக்கே தெரியாது.

தவக்காலம் தொடங்க ஒரு வாரம் இருந்தபோது இன்னாசிமுத்துவின் மகளுக்குக் கல்யாணம் வைத்தார்கள். பிலவேந்திரனின் அதே ஊர், அதே பங்குக் கோயில். வில்லியனூர் மாதா கோயிலில் காலை பத்து மணிப் பூசையில் தாலி கட்டுவதாக இன்னாசிமுத்துவுக்கு ஒரு நேர்ச்சை. பொண்ணுக்கு முன்னால் பூத்தட்டு பிடித்து நடக்க அந்தோணி மேரியைக் கேட்டிருந்தார்கள். ஏழு வயசுப் பிள்ளைக்கு ஒரு வாரமாகத் தூக்கமில்லை.

முதல்நாள் சாயங்காலம் பிலவேந்திரன் பிரேக்கில் இருந்த பழைய எண்ணெயை முழுக்க வடித்துவிட்டு, வீட்டு விளக்கெண்ணெயில் புதிதாகக் கலந்து, குலுக்கு குலுக்கென்று குலுக்கி ஊற்றினான். கலவை மோர் மாதிரி வெளுத்திருந்தது. "ஸ்பிரிட்ல தண்ணி கலந்துட்டான் திருட்டுப் பய" என்று கடைக்காரனைத் திட்டினான். அன்னாள் அடுப்படியில் இருந்தபடி அதைக் கேட்டாள். கேட்டுவிட்டு மீனைத் திருப்பிப் போட்டாள்.

மறுநாள் ஏழரை மணிக்குக் கார் புறப்பட்டது. வெள்ளைச் சட்டையில் பிலவேந்திரன், பக்கத்தில் வெள்ளைக் கவுனில் மேரி. இன்னாசிமுத்து வீட்டில் அவரையும் பொண்ணையும் ஏற்றிக்கொண்டு, கரிக்கலாம்பாக்கத்தில் பொண்ணின் அத்தை காசம்மாள் வீட்டில் எல்லாரும் பலகாரம் சாப்பிட்டு அவளையும் ஏற்றிக்கொண்டு, அப்படியே வில்லியனூர். மற்ற சனமெல்லாம் பின்னால் லாரியில். ஹபீப் பாய்க்கு மரியாதையாக லாரியின் முன்சீட்டு. அன்னாளுக்கு இடுப்புப் பிடிப்பு, லாரியில் ஏற முடியாது என்று வீட்டிலேயே தங்கிவிட்டாள்.

எட்டு மணிக்கு இருசப்பன் சைக்கிளில் வந்தார், எண்ணெய் வடிக்கப் பிலவேந்திரன் முதல்நாள் இரவல் வாங்கியிருந்த ரப்பர் குழாயை எடுத்துப் போக. மாடத்தில் மீதிக் கலவை இருந்த பிராந்திப் புட்டி அவர் கண்ணில் பட்டது. எடுத்து வெளிச்சத்தில் காட்டினார். ராத்திரி முழுக்க அசையாமல் நின்றதில் அது தெளிந்திருந்தது. அடியில் மஞ்சளாக ஒரு பங்கு, மேலே தண்ணீர் போல ஒரு பங்கு. நடுவில் கோடு கிழித்த மாதிரி.

"இன்னா தங்கச்சி இது? ரெண்டா நிக்குது?"

"எனக்கு இன்னாண்ணே தெரியும்?"

"வெளக்கெண்ண ஸ்பிரிட்டோட பிரியவே பிரியாது. இதுல எவனோ வேற எண்ணய ஊத்தியிருக்கான்." அவர் முகம் மாறிவிட்டது. "நேத்து வண்டிக்கு இதயா ஊத்தினான்?"

உண்மையைச் சொல்ல அன்னாளுக்கு ஒரு மூச்சு நேரம் கிடைத்தது. அந்த ஒரு மூச்சில் அவளுக்குக் கண்ணில் தெரிந்தது கார் இல்லை, புருஷனின் கை. வாய் தானாகப் பேசிவிட்டது.

"இல்லண்ணே. அது பழசு. அவரு புதுசா வேற எண்ண வாங்கியாந்து கலந்தாரு."

இருசப்பன் மூச்சு விட்டார். "ஆண்டவன் இருக்கான். இத ஊத்தியிருந்தான்னு வய்யி, அவ்ளோதான். ரப்பரு ஊறப்போட்ட மொச்சக் கொட்ட மாதிரி ஊதிப்பூடும். மொதல்ல மிதிச்சா கெட்டியா நிக்கும், நல்லாதான புடிக்குதுன்னு இவன் நெனச்சுப்பான். வண்டி ஓடிச் சூடு ஏறிச்சின்னா ரப்பரு மடங்கிப்பூடும். அப்புறம் மிதிச்சா காலு கெணத்துல போற மாதிரி போவும். அந்த வில்லியனூரு ஆத்து எறக்கத்துல அப்பிடி ஆச்சின்னா பொண்ணும் மிஞ்சாது, புள்ளயும் மிஞ்சாது." குழாயைச் சுருட்டி ஹாண்டில்பாரில் மாட்டினார். "அதக் கீழ கொட்டிடு தங்கச்சி."

சைக்கிள் தெருமுனை திரும்பியது. எங்கேயோ ஏரிக்கரையில் ஒரு லாரி ரிப்பேர் என்று அவர் போகிற போக்கில் சொன்னது அவள் காதில் விழுந்தது.

கூப்பிட வேண்டும் என்று அன்னாளுக்குத் தோன்றியதே சைக்கிள் மறைந்த பிறகுதான். மாதா படத்தின் விளக்கு எரிந்துகொண்டிருந்தது, விளக்கெண்ணெயில்தான். அவள் அதைப் பார்க்க முடியாமல் திரும்பிக்கொண்டாள். தெருவுக்கு ஓடி வந்து பார்த்தபோது இருசப்பன் இல்லை. ஓடுகிற ஆண்பிள்ளை ஒருத்தனும் ஊரில் இல்லை. கல்யாணத்துக்கு லாரியேறிப் போய்விட்டார்கள் எல்லாரும்.

புட்டியைத் தக்கையால் இறுக்கித் துணிப்பையில் போட்டுக்கொண்டாள். சொன்னால் பிலவேந்திரன் நம்பமாட்டான், கண்ணால் பார்த்தால்தான் காரை நிறுத்துவான். அவ்வளவுதான் அப்போது அவள் புத்திக்கு எட்டியது. இடுப்புப் பிடிப்பு எங்கே போனதோ தெரியாது. பாகூர் வரைக்கும் வரப்பிலும் மேட்டிலும் ஓடினாள். எட்டே முக்கால் வில்லியனூர் பஸ் கிளம்பி நகர்ந்துகொண்டிருக்கும்போது கம்பியைப் பிடித்துத் தொற்றிக்கொண்டாள்.

பஸ்ஸில் அவளுக்கு உட்கார இடம் கிடைத்ததே தப்பாகப் போயிற்று. நின்றுகொண்டு வந்தால் கூட்டத்தின் இடியில் கொஞ்சம் மறந்திருப்பாள். உட்கார்ந்ததும் ஒவ்வொன்றாகக் கண்முன் வந்தது. மேரி முன்சீட்டில் இருக்கிறாள். முன்சீட்டுக்கு முன்னால் கண்ணாடி. அதற்கு முன்னால் ஒன்றுமில்லை. ஜெபமாலையை எடுத்தாள். "அருள் நிறைந்த மரியே" வரைக்கும் வந்து அங்கேயே நின்றுபோகும். மறுபடி முதலிலிருந்து தொடங்குவாள். வழியில் எங்கே நாலு பேர் கூடி நின்றாலும் அவள் உயிர் ஒரு தரம் போய் வந்தது. ஒரு இடத்தில் மாட்டுத் தரகு, ஒரு இடத்தில் பால் ஊற்றுகிற கூட்டம்.

தக்கை இடுக்கில் கசிந்து பையிலிருந்து ஸ்பிரிட் நாற்றம் வந்தது. பக்கத்தில் இருந்த பொம்பளை மூக்கை முந்தானையால் மூடிக்கொண்டு ஒதுங்கினாள். காலையிலேயே புருஷனுக்கு வாங்கிப் போகிறாள் என்று நினைத்திருப்பாள். அன்னாள் பையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். பஸ் ஒவ்வொரு பள்ளத்தில் விழும்போதும் புட்டிக்குள் எண்ணெய் குலுங்கியது.

கரிக்கலாம்பாக்கத்தில் புளியமரத்தடியில் பெஜோ நின்றிருந்தது.

அவள் கண்ணை அவளே நம்பவில்லை. முன்மூடி திறந்திருந்தது. பிலவேந்திரன் கையில் சின்னப் பிராந்திப் புட்டியோடு குனிந்து எதிலோ ஊற்றிக்கொண்டிருந்தான். பிரேக் இறங்கியிருக்கிறது, மறுபடி அதையே ஊற்றுகிறான். வழிக்கு வேண்டும் என்று அந்தக் கலவையிலேயே ஒரு பங்கைச் சின்னப் புட்டியில் எடுத்துப் போயிருக்கிறான்.

"நிறுத்துங்க! நிறுத்துங்க சார்! எறங்கணும்!"

"ஸ்டாப்ப வுட்டு வந்தாச்சி, இப்ப கத்துனா?" என்றான் கண்டக்டர், பஸ்ஸின் அந்தக் கோடியிலிருந்து. "அடுத்தது மங்கலம். டயிம் ஆச்சி."

அன்னாள் ஜன்னலில் பாதி உடம்பை வெளியே விட்டுக் கத்தினாள். "மேரி அப்பா! எடுக்காத! வண்டிய எடுக்காத!" பஸ் சத்தத்தில் அது எங்கே கேட்கும்? காருக்குள்ளிருந்து மேரி மட்டும் பார்த்தாள். அம்மா கல்யாணத்துக்கு வருகிறாள் என்று பிள்ளைக்கு ஒரே சந்தோஷம். இரண்டு கையையும் ஆட்டினாள்.

அந்தக் கை அன்னாளை விட்டுப் போகவே இல்லை. மங்கலம் வரைக்கும் அவள் ஜெபம் சொல்லவில்லை, அழவும் இல்லை. ஒரே ஒரு கணக்குதான். மங்கலத்தைத் தாண்டினால் ஆறு. ஆற்றுக்கு இறங்குகிற சரிவு. சரிவின் அடியில் தரைப்பாலம், அதில் எந்நேரமும் வண்ணார் துணியும் மாடும் சனமும். கார் அங்கே போகக் கூடாது. மங்கலத்தோடு நிற்க வேண்டும்.

மங்கலத்தில் இறங்கி, வந்த வழியே திரும்பி ஓடினாள். ஊர் எல்லையைத் தாண்டி இரண்டு பக்கமும் நவரைப் பட்டத்து நடவு போட்ட வயல். சாலை நேராகக் கிடந்தது. தூரத்தில் கறுப்பாக ஒரு புள்ளி, முன்னால் பூச்சரம் கட்டி, வெயிலில் மின்னிக்கொண்டு வந்தது.

அன்னாள் சாலை நடுவில் நின்று இரண்டு கையையும் விரித்தாள்.

கார் பெரிதாகிக்கொண்டே வந்தது. பிலவேந்திரனின் வெள்ளைச் சட்டை தெரிந்தது, முகம் தெரிந்தது. அவளை அடையாளம் கண்டு அவன் புருவம் ஏறியதுகூடத் தெரிந்தது. தோள் ஒரு பக்கம் இறங்கியது, பிரேக்கில் காலை வைத்துவிட்டான். அடுத்த நொடி அவன் முகம் வெளுத்துப்போனதை அவள் பார்த்தாள். ஹாரன் அலறியது. கியரை இழுத்து இறக்க, இன்ஜின் ஊளையிட்டது. கார் நிற்கவில்லை. அன்னாளுக்கும் கால் நகரவில்லை. அவள் கைவிரல்கள் அப்படியே விரிந்திருந்தன.

ஸ்டியரிங்கை வெட்டி ஒடித்தான். முந்தானையை உரசிக்கொண்டு பெஜோ சாலையை விட்டுத் தாவி, மடேரென்று வயல் சேற்றில் மூக்கைப் புதைத்து நின்றது.

பிறகு ஒரு நிமிஷம் ஒரு சத்தமும் இல்லை. அந்த ஒரு நிமிஷத்தில் அன்னாள் செத்துப் பிழைத்தாள். அப்புறம் மேரியின் அழுகை கேட்டது. இவ்வளவு இனிமையான அழுகையை அவள் கேட்டதே கிடையாது. முழங்கால் சேற்றில் இறங்கிக் கதவைப் பிடுங்கினாள். மேரிக்கு உதடு கிழிந்து வெள்ளைக் கவுனெல்லாம் ரத்தம். கல்யாணப் பொண்ணு மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு துடித்தாள், எலும்பு முறிந்திருந்தது. காசம்மாளுக்கு நெற்றியில் வீக்கம், வாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. இன்னாசிமுத்து பொண்ணை அணைத்துக்கொண்டு வெளியே தூக்கினார். பிலவேந்திரன் ஸ்டியரிங்கில் நெஞ்சு மோதி மூச்சுக்குத் திணறினான். மடியில் சின்னப் பிராந்திப் புட்டி நொறுங்கிக் கிடந்தது. சட்டை, வேட்டி, சீட்டு, எல்லாம் நனைந்து கார் முழுக்க ஸ்பிரிட் வீசியது.

அந்த நாற்றத்தை முதலில் பிடித்தது இன்னாசிமுத்துவின் மூக்கு.

"குடிச்சிருக்கான்! டேய், எம் பொண்ணு கல்யாணத்துலயா குடிச்சுட்டு வண்டி ஓட்டுன?"

"இல்ல மாமா… பிரேக்கு…" என்றான் பிலவேந்திரன். அதற்குமேல் மூச்சு வரவில்லை.

"புட்டி மடியில கீது, இல்லங்கறான் பாரு!" என்றாள் காசம்மாள்.

வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்தவர்கள் ஓடி வந்தார்கள். மங்கலத்திலிருந்து சிவப்புத் தொப்பி வைத்த போலீஸ்காரர் ஒருவர் சைக்கிளில் வந்தார். அதற்குள் கல்யாண லாரியும் வந்து நின்று, செலியமேடே இறங்கிச் சாலையை அடைத்துக்கொண்டது. அன்னாள் தேடித் தேடி ஏங்கிய ஆண்பிள்ளைகள் எல்லாரும் இப்போது வந்து சேர்ந்தார்கள். பிலவேந்திரனைச் சேற்றிலிருந்து இழுத்துச் சாலையில் உட்கார வைத்ததும், எவனோ ஓர் அறை விட்டான். அவன் தடுக்கவில்லை. ஹபீப் பாய் காரைப் பார்த்தார், உடைந்த புட்டியைப் பார்த்தார், அவனைப் பார்த்தார்.

"மாதா மேல சத்தியம் பண்ணவன்னு நெனச்சுதான்டா வண்டியக் குடுத்தேன்" என்றார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

போலீஸ்காரர் நோட்டைப் பிரித்தார். "குடிச்சுட்டு ஓட்டி, நடுரோட்டுல ஒரு பொம்பளய ஏத்தப் பாத்திருக்கான். ஸ்டேசனுக்கு நட."

காலையில் அன்னாள் பயந்தது ஒரு கைக்கு. இப்போது எதிரே நிற்பது ஊர் முழுக்க. சும்மா இருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. இருசப்பன் ஒருவர்தான் சாட்சி, அவரிடமும் பொய் சொல்லி வைத்தாயிற்று. ஆனால் பிலவேந்திரன் தலை குனிந்து உட்கார்ந்திருந்த அந்த இருப்பு, அவன் குடித்த காலத்தில்கூட அவள் பார்த்தறியாதது. நிஜமாகக் குடித்தபோது நிமிர்ந்து சண்டை போட்ட மனுஷன்.

"அவரு குடிக்கல!" என்றாள். குரல் கிறீச்சிட்டது. "எண்ணயில கை வெச்சது நானு. வெளக்கெண்ணய எடுத்துட்டு கடலெண்ணய ஊத்தி வெச்சேன். அதான் பிரேக்கு போச்சு. அவருக்குத் தெரியாது."

கூட்டம் அவளைத் திரும்பிப் பார்த்தது. பிலவேந்திரனும் பார்த்தான்.

"புருசனக் காப்பாத்தப் புளுவுறா" என்றார் இன்னாசிமுத்து.

"பொய்யில்ல பாய்! தோ, எடுத்தாந்திருக்கேன் பாருங்க, ரெண்டா பிரிஞ்சி நிக்குது…"

பையிலிருந்து புட்டியை உருவி நீட்டினாள். நீட்டியவள் அப்படியே நின்றுவிட்டாள். புட்டியில் கோடு இல்லை. ஓடிய ஓட்டத்திலும் பஸ் போட்ட குலுக்கலிலும் எல்லாம் கலந்து, மோர் மாதிரி வெளுத்துக் கிடந்தது. அதுவும் ஒரு பிராந்திப் புட்டி, அதிலும் ஸ்பிரிட் நாற்றம்.

யாரோ சிரித்தார்கள். "வூட்டுல ஸ்டாக்கு வெச்சிருக்கான் டோய்."

"பிரியும்" என்றாள் அன்னாள். "கொஞ்ச நேரம் அசையாம வெச்சா பிரியும். ஏசுவே, பிரியும் பாய். வெச்சுப் பாருங்க."

போலீஸ்காரர் கூட்டத்தை விலக்கி அவனை எழுப்பப் போனார். ஹபீப் பாய் கையைக் காட்டினார். அவளிடமிருந்து புட்டியை வாங்கி, சாலையோர மைல்கல்லின்மேல் வைத்தார். இடுப்பில் கை வைத்து எதிரே நின்றுகொண்டார். முதலாளி நின்றதும் மற்றவர்களும் நின்றார்கள். பொண்ணையும் மேரியையும் காசம்மாள் துணையோடு லாரியில் ஏற்றினார்கள், ஆஸ்பத்திரிக்கு. இன்னாசிமுத்து ஒரு கால் லாரிப் படியில் வைத்தபடி புட்டியையே பார்த்தார்.

ஒரு நிமிஷம் போனது. வெளுப்பு அப்படியே இருந்தது. இரண்டு நிமிஷம். அன்னாளின் கண் அதைவிட்டு அசையவில்லை. பிரியாவிட்டால் அவன் குடிகாரன், ஜெயில், இனி எவன் வண்டி கொடுப்பான்? பிரிந்தால் இத்தனை பேர் ரத்தத்துக்கும் அவள்தான் பொறுப்பு. ஒரு பொண்ணின் தாலி நேரம், சொந்தப் பிள்ளையின் உதடு. இரண்டில் எது நடந்தாலும் அவள் தலையில்தான் விடியும். என்றாலும் ஒன்றைத்தான் வேண்டினாள். பிரி, பிரி, பிரி என்று. காலையில் பாதியில் நின்ற ஜெபத்தின் மீதியும் அதுதான்.

நாற்று நடுகிற கிழவி ஒருத்தி குந்திப் பார்த்துச் சொன்னாள். "அடியில தெளியுது."

முதலில் ஒரு விரற்கடை. கலங்கலுக்கு அடியில் மஞ்சள் இறங்கியது. அப்புறம் மேலே தெளிந்தது. நடுவில் கோடு விழுந்தது.

ஹபீப் பாய் தக்கையைக் கழற்றி, மேலே நின்றதை மெதுவாகச் சாய்த்து வடித்தார். அடியில் நின்றதை இரண்டு சொட்டு உள்ளங்கையில் விட்டுத் தேய்த்து, முகர்ந்தார். முப்பது வருஷம் எண்ணெய் விற்ற மூக்கு அது.

"கடலெண்ண" என்றார். கொஞ்சம் தயங்கினார். "எங்க கட எண்ணதான்."

இன்னாசிமுத்து லாரியில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். போலீஸ்காரர் எழுதியதை அடித்தார். வேறென்ன எழுதுவது என்று தெரியாமல் பென்சிலைக் காதில் செருகினார். ஹபீப் பாய் பிலவேந்திரனிடம் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டு, காரைப் பார்க்கப் போனார். அவன் குடிக்கவில்லை என்று ஒப்புக்கொண்டார்தான், ஆனால் சாவியைத் திருப்பிக் கொடுப்பதாகச் சொல்லவில்லை.

அன்னாள் புருஷனுக்கு எதிரே போய் நின்றாள். கையை ஒடிப்பேன் என்றானே, ஒடிக்கட்டும் என்று இரண்டு கையும் தொங்க நின்றாள். அவன் அவள் கையைப் பார்க்கவில்லை. அவனுடைய வலது கால் தரையில் நடுங்கிக்கொண்டிருந்தது. முழங்காலை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தும் அது நிற்கவில்லை.

"மிதிச்சேன் அன்னாளு" என்றான். "காலு போயிட்டே இருந்துச்சி. நீ நவுரவே இல்லியே."

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது, காலையிலிருந்து தான் பட்ட பயமெல்லாம் அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் அவன் பட்ட ஒரு நொடிக்குக் காணாது என்று. அவன் பக்கத்தில் சாலையிலேயே உட்கார்ந்து, நடுங்குகிற அந்தக் காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.